கடலோடியின் நாட்கணக்கு: வரிக்கு உண்டு, முதுமைக்கு இல்லை

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையில், மாதச் சம்பளக்காரர் என்றோ முதலாளி என்றோ எளிதில் வகைப்படுத்த முடியாத ஒரு தொழிலாளர் பிரிவு தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. சென்னைத் துறைமுகமும், 1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 2001-இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் என வழங்கும் எண்ணூர்த் துறைமுகமும், அவற்றைச் சுற்றி எழுந்த வாகன, டயர், உரத் தொழிற்சாலைகளும் இப்பகுதி இளைஞர்களுக்கு வெல்டிங், ஃபிட்டிங், ரிக்கிங், எஞ்சின் அறைப் பராமரிப்பு ஆகிய கைத்தொழில்களைக் கற்றுக்கொடுத்தன. அத்திறன்களுக்கு வெளிநாட்டுக் கப்பல்களிலும் வளைகுடா ஆலைகளிலும் நல்ல ஊதியம் கிடைப்பதால், ஒவ்வோர் ஆண்டும் பலர் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒப்பந்தம் எழுதிக்கொண்டு புறப்படுகின்றனர். ஒப்பந்தம் முடிந்ததும் வீடு திரும்பி, அடுத்த அழைப்பு வரும்வரை ஊதியமின்றிக் காத்திருக்கின்றனர்.

இவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் வணிகக் கப்பல்களில் பணிபுரியும் கடலோடிகள். இவர்களுள் 'ரேட்டிங்' எனப்படும் கீழ்நிலைப் பணியாளர்களும் உண்டு, அதிகாரிகளும் உண்டு. இரண்டாம் வகையினர், எண்ணெய் ஆலைகளை முழுமையாக நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் 'ஷட்டவுன்' பணிகளுக்காக முப்பது, நாற்பது நாட்கள் என்ற கணக்கில் சவூதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் கத்தாருக்கும் செல்லும் வெல்டர்கள், ஃபிட்டர்கள், சாரம் கட்டுவோர். மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். கப்பல் சர்வேயர், வெல்டிங் இன்ஸ்பெக்டர், இயந்திரங்களை நிறுவி ஓட்டிக்காட்டும் பொறியாளர் என, எந்த நிறுவனத்தின் பணியாளராகவும் இல்லாமல், செய்த வேலைக்கு இன்வாய்ஸ் அனுப்பிக் கட்டணம் பெறும் சுயதொழில் ஒப்பந்தக்காரர்கள்.

சட்டத்தின் பார்வையில் முதல் இரு வகையினரும் ஒப்பந்தக் காலம் முழுவதும் பணியாளர்களே; வேலையின் நேரத்தையும் முறையையும் தீர்மானிப்பவர் வேறொருவர், கருவிகள் அவருடையவை, இலாப நட்டமும் அவருடையது என்பதே பணியாளரை அடையாளம் காணும் அளவுகோல். ஆனால் கப்பலிலிருந்து 'சைன் ஆஃப்' செய்து இறங்கிய மறுநாளே அந்தக் கடலோடிக்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. விடுப்புக்கான ஊதியம்கூட மாத ஊதியத்துக்குள்ளேயே கணக்கிட்டுத் தரப்பட்டுவிடுவதால், கரையில் இருக்கும் மாதங்களில் அவருடைய நிலை கடைத்தெருவில் சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவரின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. பெயரளவில் பணியாளர், நடைமுறையில் தம் முதுமைக்கும் நோய்க்கும் தாமே பொறுப்பேற்க வேண்டிய சுயதொழிலர் என்ற இந்த இரட்டை நிலைதான் வடசென்னையின் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளரின் சிக்கல்களுக்கெல்லாம் வேர்.

இவர்கள் வெளிநாட்டில் உழைத்த நாட்களை அரசு இரண்டு நோக்கங்களுக்காக எண்ணியிருக்க வேண்டும்: ஒன்று வரிக்காக, மற்றொன்று ஓய்வூதியத்துக்காகவும் காப்பீட்டுக்காகவும். முதல் எண்ணிக்கைக்குச் சட்டமும் விதியும் சுற்றறிக்கையும் நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளன. இரண்டாவது எண்ணிக்கை பெரும்பாலோருக்குத் தொடங்கவே இல்லை. வரி கட்ட வேண்டியதில்லை என்ற செய்தியே மகிழ்ச்சிக்குரிய முற்றுப்புள்ளியாகக் கொள்ளப்படுவதால், இந்த வெற்றிடம் குடும்பங்களின் கண்ணில் படுவதற்கே இருபது ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு நாள் குறைந்தாலும்

இந்திய வருமான வரிச் சட்டம் ஒருவருடைய குடியுரிமையைக் கொண்டு அன்றி, நிதியாண்டில் அவர் இந்தியாவில் தங்கிய நாட்களைக் கொண்டே அவருடைய வரிக்கடமையை முடிவு செய்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஓராண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் 'ரெசிடென்ட்', அதாவது உள்நாட்டில் வதிபவர். அவர் உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானமும் இங்கே வரிக்கு உட்பட்டது. அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர் 'நான்-ரெசிடென்ட்'. அவர் இந்தியாவில் ஈட்டியதும் இந்தியாவில் பெற்றதும் மட்டுமே வரி வலைக்குள் வரும். அந்த ஆண்டில் 60 நாட்களும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களும் இந்தியாவில் தங்கியிருந்தாலே ஒருவரை ரெசிடென்டாகக் கொள்ளும் இரண்டாவது அளவுகோலும் உண்டு. எனினும் இந்தியக் கப்பலின் பணியாளராகவோ வெளிநாட்டு வேலைக்காகவோ நாட்டை விட்டுச் செல்லும் குடிமகனுக்கு அந்த 60 என்பது 182 ஆகத் தளர்த்தப்பட்டுள்ளது. 2025-இல் நிறைவேற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியதோடு, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்களை நீக்கி 'வரி ஆண்டு' என்ற ஒற்றைப் பெயரைக் கொண்டுவந்தது. நாட்களை எண்ணும் அடிப்படையை அது கைவிடவில்லை.

கடலோடியைப் பொறுத்தவரை எந்த நாளை இந்தியாவில் இருந்த நாளாகக் கொள்வது என்பது நெடுங்காலம் தகராறுக்கு இடமளித்தது. சென்னையில் கப்பலேறியவர் இந்தியக் கடல் எல்லையைக் கடக்கும் வரையிலான நாட்கள் எந்தக் கணக்கில் சேரும் என்பதற்குத் தெளிவான விடை இல்லாதிருந்த நிலையில், 2015-இல் வருமான வரி விதிகளில் 126-ஆம் விதி சேர்க்கப்பட்டது. கடலோடியின் கையில் இருக்கும் சி.டி.சி. எனும் தொடர் பணிச்சான்று ஏட்டில், கப்பலில் சேர்ந்ததாகப் பதிவான தேதியிலிருந்து இறங்கியதாகப் பதிவான தேதி வரையிலான முழுக் காலமும், அது 'தகுதியான பயணம்' எனில், இந்தியாவில் தங்கிய நாட்களிலிருந்து கழிக்கப்படும் என்கிறது அவ்விதி. இந்தியத் துறைமுகத்தில் புறப்பட்டு வெளிநாட்டுத் துறைமுகத்தில் முடிவதும், வெளிநாட்டில் புறப்பட்டு இந்தியாவில் முடிவதுமான பன்னாட்டுச் சரக்குப் பயணங்களும் பயணியர் கப்பல் பயணங்களும் தகுதியான பயணங்கள்.

எண்ணூரில் நிலக்கரி இறக்கிவிட்டு இந்தோனேசியாவுக்குத் திரும்பும் ஒரு கப்பலில், 2024 மே 10 அன்று ஒருவர் சேர்வதாகக் கொள்வோம். அவர் நவம்பர் 15 அன்று சிங்கப்பூரில் இறங்கினால், இரு தேதிகளையும் சேர்த்துக் கணக்கிட கடலில் கழிந்தவை 190 நாட்கள். மீதி 175 நாட்களே இந்தியாவில் தங்கியவை. ஆகவே அவர் நான்-ரெசிடென்ட். மாற்று ஆள் முன்கூட்டியே வந்துவிட்டதால் அதே நபர் நவம்பர் 5 அன்றே இறங்கிவிட்டால் கடல் நாட்கள் 180 ஆகவும் கரை நாட்கள் 185 ஆகவும் மாறி, அந்த ஆண்டு முழுவதும் அவர் பெற்ற டாலர் ஊதியம் இந்திய வரிக்கு உட்பட்டுவிடும். கடலோடிகளிடையே '184 நாள்' என்ற எண் மந்திரம்போலப் புழங்குவதற்கு இதுவே காரணம்: 365 நாள் கொண்ட ஆண்டில் 184 நாட்கள் வெளியே இருந்தால்தான் உள்ளே இருந்தவை 181-க்குள் நிற்கும். பிப்ரவரி 29 வரும் நிதியாண்டில் அந்த எண் 185 ஆகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த ஒரு நாள் மறதிக்கு ஓராண்டு வரி விலையாகலாம்.

இதே கடற்கரையில் இன்னொரு வகைக் கடலோடியும் இருக்கிறார். தமிழக அரசு நிறுவனமான பூம்புகார் கப்பல் கழகம், ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அனல் மின் நிலையங்களுக்கான நிலக்கரியைக் கொண்டுவருகிறது. இத்தகைய கரையோரப் பயணங்கள் இந்தியத் துறைமுகத்தில் தொடங்கி இந்தியத் துறைமுகத்திலேயே முடிவதால், அவை தகுதியான பயணங்கள் ஆகா; ஆண்டு முழுதும் அலைமேல் இருந்தாலும், அக்கப்பல்களின் பணியாளர்களுக்கு 126-ஆம் விதியின் விலக்கு கிடைக்காது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் சேர்ந்து வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கிடையிலேயே ஓடும் கப்பலில் பணிபுரிபவருக்கோ சி.டி.சி.யைவிடக் கடவுச்சீட்டில் உள்ள குடியேற்ற முத்திரைகளே முதன்மைச் சான்று. மின்னணு வாயில்கள் பெருகி முத்திரை குத்தும் வழக்கம் குறைந்துவரும் நாடுகளில் இருந்து திரும்புவோர் விமானப் பயணச் சீட்டையும் போர்டிங் பாஸையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நாட்கணக்கில் தேறிய பிறகும் ஒரு கண்டம் இருந்தது. நான்-ரெசிடென்ட் ஒருவர் இந்தியாவில் 'பெற்ற' வருமானம் வரிக்குரியது என்ற பிரிவைச் சுட்டி, வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய ஊதியம் நேரே இந்திய வங்கியின் என்.ஆர்.இ. கணக்கில் வரவானால் அது இந்தியாவில் பெற்ற வருமானமே என்று 2016-இல் கொல்கத்தா வருமான வரித் தீர்ப்பாயம் முடிவு கூறியது. என்.ஆர்.இ. கணக்கு என்பது வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை ரூபாயாக வைத்துக்கொண்டு, விரும்பும்போது மீண்டும் வெளியே அனுப்ப வகைசெய்யும் வங்கிக் கணக்கு. கடலோடிக் குடும்பங்களில் அது இல்லாத வீடு அரிது. நாடெங்கும் எழுந்த கலக்கத்துக்குப் பின்னர், மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரல் 11 அன்று 13-ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. நான்-ரெசிடென்ட் கடலோடி இந்தியாவுக்கு வெளியே ஆற்றிய பணிக்கான ஊதியம், என்.ஆர்.இ. கணக்கில் வரவானது என்ற ஒரே காரணத்துக்காக வரிக்கு உட்படாது என அது தெளிவுபடுத்தியது. அதே மாதம் வந்த திருத்தம், வெளிநாட்டுப் பயணம் செல்லும் இந்தியக் கொடிக் கப்பலுக்கும் இது பொருந்தும் என்றது.

இச்சுற்றறிக்கை கடலோடியின் ஊதியத்துக்கு மட்டுமே வழங்கப்பட்டது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்வாய்ஸ் அனுப்பிக் கட்டணம் பெறும் சர்வேயரோ, ஷட்டவுன் பணிக்குச் சென்ற வெல்டரோ இதைத் தமக்குக் கேடயமாகக் கொள்ள முடியாது. அவர்கள் வெளிநாட்டு வங்கிக் கணக்கில் முதலில் பெற்றுப் பின்னர் வீட்டுக்கு அனுப்புவதே பாதுகாப்பான வழி.

சொந்தத் தொழிலுக்கும் 'வேலை' என்றே பெயர்

வெளிநாட்டு 'வேலைக்காக'ச் செல்பவருக்கே 182 நாள் தளர்வு என்று சட்டம் கூறுவதால், யாரிடமும் வேலைக்குச் சேராமல் சொந்தமாகத் தொழில் செய்யச் செல்லும் ஒப்பந்தக்காரருக்கு அது உண்டா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 2011-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு ஆம் என்றே விடையளித்தது: வாரியத்தின் 1982-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றைச் சுட்டி, வெளிநாட்டில் வணிகமோ தொழிலோ நடத்துவதற்காகச் செல்வதும் அச்சொல்லுக்குள் அடங்கும் எனக் கூறிய அத்தீர்ப்பு, சுற்றுலாவாகவோ மருத்துவத்துக்காகவோ படிப்புக்காகவோ செல்வோரை மட்டுமே விலக்கி நிறுத்தியது. வளைகுடாவுக்கு அதிகமானோரை அனுப்பும் மாநிலத்தில் பிறந்த இத்தீர்ப்பு, திருவொற்றியூரிலிருந்து தனித்துச் செல்லும் இன்ஸ்பெக்டருக்கும் வாதாடக் கைகொடுக்கிறது.

வளைகுடா நாடுகள் தனிமனிதர் ஊதியத்தின்மீது வரி விதிப்பதில்லை என்ற நெடுநாள் நிலை சற்றே மாறத் தொடங்கியுள்ளது. ஓமன் 2025 ஜூன் மாதம் பிறப்பித்த ஆணையின்படி, 2028 ஜனவரி முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது 5 விழுக்காடு வரி விதிக்கப்படும். வடசென்னையிலிருந்து செல்லும் தொழிலாளர் எவரும் அந்த வரம்பை நெருங்கப்போவதில்லை. ஆயினும் வளைகுடாவில் ஒரு நாடு இந்தக் கதவைத் திறந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வரி இல்லாத நாட்டில் பணிபுரிவதே இந்தியாவில் சிக்கலாகிவிடுமோ என்ற அச்சம் 2020-இல் எழுந்தது. வேறெந்த நாட்டிலும் வரி செலுத்தக் கடமைப்படாத இந்தியக் குடிமகனை, அவர் ஒரு நாள்கூட இங்கே தங்காவிட்டாலும், ரெசிடென்டாகக் கருதும் பிரிவை அவ்வாண்டு நிதிநிலை அறிக்கை முன்வைத்தது. நேர்மையாக உழைக்கும் தொழிலாளரைக் குறிவைக்கும் நோக்கம் இல்லை என்று மறுநாளே விளக்கம் வந்தது. இறுதியில், வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவருக்கு மட்டும் என வரம்பு கட்டப்பட்டது. அவ்வாறு கருதப்படுபவரும் 'வழக்கமாக வதியாத ரெசிடென்ட்' என்ற இடைநிலையிலேயே வைக்கப்படுவதால், அவருடைய வெளிநாட்டு ஊதியம் வரிக்கு உட்படாது. ஆனால் அந்த இடைநிலைக்குள் சுயதொழிலர் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு: இந்தியாவிலிருந்து நடத்தப்படும் வணிகத்தின், அல்லது இந்தியாவில் நிறுவப்பட்ட தொழிலின் வழியாக வந்த வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு இல்லை. தம்பு செட்டித் தெருவில் அலுவலகம் வைத்து, அங்கிருந்தே ஒப்பந்தம் பேசி, துபாய்க்குப் போய் வேலை முடித்து வரும் ஒருவருக்கு இந்தச் சொற்றொடர் நேரடியாகப் பொருந்தும்.

வரி விதிக்கும் நாடுகளில் பணிபுரியும் ஒப்பந்தக்காரருக்கு இரட்டை வரி தவிர்ப்பு உடன்பாடுகள் துணை நிற்கின்றன. ஒரே வருமானத்தின்மீது இரு நாடுகளும் முழு வரி வசூலிக்காதவாறு செய்துகொள்ளப்படும் இவ்வுடன்பாடுகளில், சுயேச்சையான தொழில்முறைச் சேவைக்கெனத் தனிப் பிரிவை இந்தியா இன்றும் பேணி வருகிறது, ஓ.இ.சி.டி. அமைப்போ தன் மாதிரி உடன்பாட்டிலிருந்து அப்பிரிவை 2000-இலேயே நீக்கிவிட்டது. அமெரிக்காவுடனும் பிரிட்டனுடனும் உள்ள உடன்பாடுகளின்படி, இந்தியாவில் வதியும் சுயதொழிலர் அங்கே நிலையான அலுவலகம் வைக்காமலும், தங்கும் காலம் 90 நாள் வரம்பைத் தொடாமலும் இருந்தால், அவருடைய கட்டணத்துக்கு இந்தியாவில் மட்டுமே வரி. பணியாளருக்கான வரம்பு பொதுவாக 183 நாள் என்பதால், தம்மைப் பணியாளர் என எண்ணிக்கொண்டு அந்த எண்ணை நம்பும் ஒப்பந்தக்காரர் அயல்நாட்டு வரித்துறையிடம் சிக்கிக்கொள்ள நேரிடும். அங்கே செலுத்திய வரியை இங்கே கழித்துக்கொள்ளத் தனிப் படிவமும் வரிப்பிடித்தச் சான்றும் தேவை. மொத்த வரவில் ஒரு பங்கை மட்டும் இலாபமாகக் காட்டும் எளிய கணக்கு முறை ரெசிடென்ட் தொழில்வல்லுநருக்கே உரியது. நான்-ரெசிடென்ட் சர்வேயருக்கு அது கிடையாது. ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், அந்நியச் செலாவணியில் கட்டணம் பெறும் சேவை ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம் என்றாலும், அதற்கான உறுதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்யாமல் அந்தப் பூஜ்யம் உடனே கைக்கு வராது.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கணக்கோ முற்றிலும் வேறு. வெளிநாட்டில் வேலைக்காகவோ தொழிலுக்காகவோ புறப்பட்ட நாளிலிருந்தே ஒருவரை அது வெளிநாட்டில் வதிபவராகக் கொள்கிறது. ஆகையால் பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும் கடமை, 182 நாட்கள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

ஊதியச் சீட்டில் இல்லாத வரி

வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஒன்றின் மாத ஊதியச் சீட்டில் பொதுவாகக் காணப்படுபவை அடிப்படை ஊதியம், நிலையான ஓவர்டைம், விடுப்பு ஊதியம், போனஸ் ஆகிய வரவுகளும், குடும்பத்துக்கு நேரே அனுப்பப்படும் 'அலாட்மென்ட்' தொகை, கப்பலில் வாங்கிய ரொக்க முன்பணம், கப்பல் கடையில் வாங்கிய பொருட்களின் விலை ஆகிய பிடித்தங்களும். சென்னையில் ஒரு சாதாரணத் தொழிற்சாலைத் தொழிலாளியின் சீட்டில் தவறாமல் இடம்பெறும் வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. ஆகிய வரிகள் பல சீட்டுகளில் இருப்பதே இல்லை. டாலரைப் பார்த்த கண்ணுக்கு அந்த இடைவெளி தெரிவதில்லை. முதலாளி தன் பங்காக 12 விழுக்காடு செலுத்தியிருக்க வேண்டிய ஓர் ஏற்பாடே அங்கு இல்லை என்பதால், ஊதியத்தின் உண்மை மதிப்பு தோற்றத்தைவிடக் குறைவானது.

கடலோடிகளுக்கென 1966-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. மும்பையில் உள்ள ஆணையர் அலுவலகம் அதை நிர்வகிக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் வரையறை ரேட்டிங்குகளையே சேர்த்துக்கொள்கிறது, அதிகாரிகளை வெளியே நிறுத்திவிடுகிறது. ரேட்டிங்கிலும் தாம் சேரும் வெளிநாட்டு நிறுவனம் அந்த நிதிக்குப் பங்களிக்கிறதா என்பது கப்பலேறுமுன் ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும். பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் கையொப்பத்துக்கு நீட்டப்படும் தாளை ராயபுரத்து இளைஞர் எவ்வளவு பொறுமையாகப் படிக்க முடியும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

இவ்விடத்தில் யாருடைய கடமை என்ற கேள்விக்குப் பன்னாட்டுச் சட்டம் தெளிவான விடை வைத்திருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் ஏற்று, 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இந்தியா 2015 அக்டோபரில் இணைந்தது. மருத்துவம், நோய்க்காலம், வேலையின்மை, முதுமை, பணிக்காயம், குடும்பம், மகப்பேறு, உடல் இயலாமை, உழைப்பவரை இழந்த குடும்பம் என ஒன்பது சமூகப் பாதுகாப்புக் கிளைகளை அது வகுத்து, சேரும்போதே குறைந்தது மூன்றையாவது உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியமானது, இப்பாதுகாப்பை வழங்கும் பொறுப்பைக் கப்பலின் கொடி நாட்டிடம் விட்டுவிடாமல், கடலோடி வழக்கமாக வதியும் நாட்டின்மீது அது சுமத்துவது. பனாமாவோ லைபீரியாவோ மார்ஷல் தீவுகளோ எந்தக் கொடி பறந்தாலும், திருவொற்றியூரில் வீடு உள்ளவரின் முதுமைக்குப் பதில் சொல்ல வேண்டியது இந்தியாவே. வரித்துறை அவரை 'இங்கே வதியாதவர்' என்று எழுதிவைத்திருப்பது இந்தப் பொறுப்பைத் துளியும் குறைக்காது.

கப்பலில் இருக்கும் காலத்துக்கு மட்டும் உடன்படிக்கை ஓரளவு வலுவான காப்பு தருகிறது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், கப்பல் உரிமையாளர் பணியாளர்களை நடுக்கடலிலோ அயல் துறைமுகத்திலோ கைவிட்டுவிட்டால் நான்கு மாத ஊதியம் வரை ஈடுசெய்யவும், ஊர் திரும்பும் செலவை ஏற்கவும், பணியில் நேரும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் இழப்பீடு தரவும் காப்பீட்டு உத்தரவாதம் வைத்திருப்பதைக் கட்டாயமாக்கியது. அச்சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கப்பலில் கால் வைத்த முதல் நாளே அதைத் தேடிப் படிப்பது தகும். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்குவதையும் உடன்படிக்கை தடைசெய்கிறது. முகவர் ஒருவர் பெருந்தொகை கேட்கிறார் என்றால், அவர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என்று பார்ப்பதற்கு அதுவே போதிய காரணம்.

ஷட்டவுன் தொழிலாளரின் நிலை இதனினும் மெலிந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டம், ஓராண்டுத் தொடர்பணி முடித்த பணியாளருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியத்தைப் பணிமுடிவுப் பணிக்கொடையாக வழங்குகிறது. நாற்பது நாள் ஒப்பந்தத்தில் செல்பவர் பத்தாண்டுகளில் இருபது முறை சென்று வந்தாலும் அந்த ஓராண்டு என்ற படியை ஒருமுறைகூட ஏறுவதில்லை. சவூதி அரேபியாவில் அயல்நாட்டவருக்காக முதலாளி செலுத்தும் 2 விழுக்காடு பணிக்காயக் காப்பீட்டோடு நின்றுவிடுகிறது. ஓய்வூதியம் அதில் இல்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடியேற்ற அனுமதி பெற வேண்டும் என்பதும், அப்போது எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் விபத்து இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் காப்பீடு உண்டு என்பதும் மதிப்புமிக்க ஏற்பாடுகளே. எனினும் விசிட் விசாவில் அனுப்பப்படுபவர் இந்த வளையத்துக்கு முற்றிலும் வெளியே விழுந்துவிடுகிறார்.

இந்தியா செய்துகொண்டுள்ள சமூகப் பாதுகாப்பு உடன்பாடுகள் யாருக்குப் பயன்படுகின்றன என்று நோக்கினால் கவலையே மிஞ்சுகிறது. 2009-இல் பெல்ஜியத்துடன் தொடங்கி ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஜப்பான், தென் கொரியா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுடன் இவை நடைமுறையில் உள்ளன. வருங்கால வைப்பு நிதி நிறுவனம் தரும் 'காப்புச் சான்றிதழ்' இருந்தால், இந்திய நிறுவனம் அனுப்பிய பணியாளர் அந்நாட்டில் மீண்டும் பங்களிக்க வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவனப் பணியாளர்களுக்கு இது பெரும் சேமிப்பு. ஆனால் வடசென்னைத் தொழிலாளர் அதிகம் செல்லும் வளைகுடா நாடுகள் எதனுடனும் இத்தகைய உடன்பாடு இல்லை, சிங்கப்பூருடனும் இல்லை. வைப்பு நிதியில் உறுப்பினராகவே இல்லாத ஒருவருக்குச் சான்றிதழ் தரவும் வழியில்லை.

தனிமனிதர் தாமாகச் செய்துகொள்ளக்கூடியது ஒன்றுண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டம் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் திறந்திருக்கிறது, என்.ஆர்.இ. கணக்கிலிருந்தே தவணை செலுத்தலாம். பி.பி.எஃப். கணக்கை நான்-ரெசிடென்ட் ஆன பிறகு புதிதாகத் தொடங்க முடியாது. ஆகவே முதல் கப்பலுக்குப் போகுமுன் எடுக்க வேண்டிய முடிவு அது. சம்பளக்காரர்களின் சேமிப்புப் பழக்கமே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரிச் சலுகைக்காகச் செய்யும் முதலீட்டால் வளர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், வரியே இல்லாதவருக்கு அந்த உந்துதல் ஒருபோதும் வருவதில்லை என்பது புலப்படும். வரித்தாக்கல் செய்யும் கடமை இல்லாத ஆண்டிலும் தாக்கல் செய்து வைப்பவருக்கு வீட்டுக்கடன் கேட்கும்போதும் இழப்பீடு கோரும்போதும் வருமானச் சான்று கையில் இருக்கும்.

பிலிப்பைன்ஸ் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. உலகக் கப்பல்களுக்கு ஆள் அனுப்புவதில் இந்தியாவோடு முன்வரிசையில் நிற்கும் அந்நாடு, தன் 2018-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிநாட்டில் பணிபுரிவோர் அனைவரையும் கட்டாய உறுப்பினராக்கியது. கடலோடிகளைப் பொறுத்தவரை, ஆள் எடுத்து அனுப்பும் உள்ளூர் முகமை நிறுவனமே முதலாளியாகக் கருதப்பட்டு முதலாளியின் பங்கைச் செலுத்த வேண்டும். நிலத்தில் பணிபுரிவோர், உடன்பாடு இல்லாத நாடுகளில், சுயதொழிலரைப்போல இரு பங்கையும் தாமே செலுத்துகின்றனர். அருகிலேயே கேரளம், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைத்த நல வாரியத்தில், வெளிநாட்டில் உள்ள உறுப்பினர் மாதம் 350 ரூபாய் செலுத்தி, அறுபது வயதுக்குப் பின் மாதம் 3,500 ரூபாயிலிருந்து ஓய்வூதியம் பெற வழிசெய்திருக்கிறது. தொகை சிறிதுதான். ஆனால் வெளிநாட்டில் கழிந்த ஆண்டுகள் அங்கே எண்ணப்படுகின்றன.

தமிழகத்திலும் 2011-ஆம் ஆண்டின் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டமும், அதன்படியான நல வாரியமும், அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கின்றன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சுயதொழிலர் என்ற பிரிவை வரையறுத்து அங்கீகரித்திருக்கிறது. உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் ஒவ்வொரு கடலோடியும் கப்பலில் சேர்ந்த தேதியையும் இறங்கிய தேதியையும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கணினியில் பதிவேற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே செயல்படுகிறது; ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதும் மாறாத இண்டோஸ் எண்ணும் உண்டு. ராஜாஜி சாலையில் ஆங்கர் கேட் கட்டடத்தில் இயங்கும் கடல் வணிகத் துறையின் சென்னை அலுவலகத்துக்கும் நல வாரியத்துக்கும் இடையே அந்த எண்ணைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆணை போதும். ஒப்பந்தம் நடப்பில் உள்ள மாதங்களுக்கு ஆள்சேர்ப்பு நிறுவனம் முதலாளியின் பங்கைச் செலுத்துவதை உரிம நிபந்தனையாக்குவது அடுத்த படி. கரையில் காத்திருக்கும் மாதங்களுக்குக் கேரளத்தைப்போலச் சிறு தவணையைக் கடலோடியே செலுத்தி, தொடர்ச்சி அறுபடாமல் பார்த்துக்கொள்ளலாம்.